துடுப்பு நிமிர்ந்த காலை

அன்று வெயில் அடித்ததா, மூட்டமாக இருந்ததா என்பதில் எனக்கே இப்போது நிச்சயம் இல்லை. வெயில் என்றுதான் நினைவு சொல்கிறது. கூழாங்கற்கள் சுட்டன. மீனின் மேல் போட்ட ஈரச் சாக்கு போடப் போட உலர்ந்தது. அன்று படகு வலித்த டூகல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றான். ஆனால் பல வருஷம் கழித்து அவனையே கேட்டபோது, "வெயிலா? அன்னைக்கு முழுக்க மூட்டம்தான்யா. நீ வேற ஏதோ நாளப் போட்டுக் கொழப்பிக்கிற" என்றான். அவன் பொய் சொல்கிறவன் அல்ல. மூட்டமாக இருந்திருந்தால் மீன் அவ்வளவு சீக்கிரம் எடை இறங்கியிருக்காது. அப்படியானால் ஆர்வோவின் மேல் நான் இத்தனை காலம் சுமத்தி வைத்திருக்கும் பழியில் பாதிக்கு மேல் அவனுடையது அல்ல. அதனால் எனக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

பெல்டன் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த தபால் நிலையத்தில் அப்போது எனக்கு வேலை. ஆர்வோ, ஹில்க்கா தம்பதியின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அவர்களோடுதான். ஆர்வோ மர ஆலைக் குளத்தில் மிதக்கும் மரங்களின் மேலேயே நடந்து, நீண்ட கொக்கிக் கழியால் அவற்றை இனம் பிரித்துத் தள்ளுகிறவன். ஹில்க்கா டப்பா மீன் ஆலையில் மீன் அறுக்கிறவள். இருவரின் பெற்றோரும் பின்லாந்திலிருந்து வந்தவர்கள். அதனால் அந்த வீட்டில் கறுப்பு ரொட்டி, உப்பிட்ட மீன், எந்நேரமும் அடுப்பில் காப்பி. சனிக்கிழமைகளில் ஹில்க்கா ஏலக்காய் இடித்துப் போட்டுப் பின்னல் ரொட்டி சுடுவாள். அந்த வாசனை மாடிவரை வரும். பிள்ளைகள் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. நானும் பேசுகிற ஆள் இல்லையாதலால் எங்கள் மூவருக்கும் அந்தச் சமையலறை நன்றாகவே பொருந்தியது. கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு முழு இரவுச் சாப்பாட்டை முடித்திருக்கிறோம்.

ஆகஸ்டு பிறந்தால் ஆற்றின் முகத்தில் இருக்கும் கயம் என்ற ஆழமான மடுவுக்குப் பெரிய சால்மன்கள் வரும். கடலை விட்டு ஆறு ஏறுவதற்கு முன் அங்கே சில நாள் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஊரே படகில் இருக்கும். விற்பதற்காக அல்ல, கயத்து மீனை விற்கக் கூடாது. மோட்டார் கூடாது, துடுப்புதான். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள், இரைக்குப் பதில் மின்னும் தகடு, மெல்லிய நரம்புக் கயிறு. ஒருவர் துடுப்பு வலிக்க வேண்டும், ஒருவர் தூண்டில் பிடிக்க வேண்டும். மீன் முப்பது ராத்தலைத் தொட்டால் அதற்கு டையீ என்று பெயர். அந்தக் கரையின் பழைய குடிகளின் பேச்சில் தலைவன் என்று அர்த்தம். டையீ பிடித்தவர்களின் பெயரை எடைக் கொட்டகைக்குள் இருக்கும் தேவதாரு பலகையில் எழுதுவார்கள். தூண்டில் பிடித்தவர் பெயரும் துடுப்பு வலித்தவர் பெயரும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில். இது அந்த ஊரின் வழக்கம். வேறு இடங்களில் துடுப்புக்காரனுக்குப் பெயர் கிடையாது என்று கேள்வி.

தூண்டில் பிடிப்பவள் ஹில்க்கா. வாரம் முழுக்க ஊரார் வலையில் பட்ட மீனெல்லாம் அவள் கத்தியின் கீழே போகும். தன் கோலில் ஒன்று, ஒரே ஒன்று, முப்பது ராத்தலில் வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணம் ஆன கோடையிலிருந்து ஆர்வோதான் அவளுக்குத் துடுப்பு. இருபது வருஷத்துக்கு மேல். முப்பது விழவில்லை. மற்ற ஜோடிகளெல்லாம் பலகையில் ஏறினார்கள். சிலர் இரண்டு தடவை ஏறினார்கள்.

ஆர்வோவின் படகில் பேசக் கூடாது. அது அவன் போட்ட சட்டம். ஆணி அடித்த பூட்ஸ் படகில் உரசக் கூடாது, இருமல் வந்தால் கைக்குட்டைக்குள். அவன் வலிப்பது கடிகாரம் போல இருக்கும். தகடு தண்ணீருக்குள் ஒரே சீராக அடிக்கும், கோலின் நுனி ஒரே சீராகத் தலையாட்டும். பார்க்கிறவர்கள் வாயடைத்து நிற்பார்கள். மீன்தான் மதிக்கவில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் குளத்தில் ஒரு மரம் உருண்டு ஆர்வோவின் வலது தோளை உடைத்தது. கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆகஸ்டில் துடுப்பு வலிப்பது நடக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போது எடைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மீன்பிடிச் சங்கத்தார் அவனிடம் சாவியைக் கொடுத்தார்கள். எடைக்காரர் கையால் போட்ட எடைதான் எடை. அவர் வாய்விட்டு வாசித்தால்தான் கணக்கு.

ஹில்க்காவுக்குத் துடுப்பு யார் என்பது கேள்வியானது. அதை ஆர்வோவே முடிவு செய்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உருளைக்கிழங்கைப் பிட்டு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.

"டூகல கூட்டிட்டுப் போ."

"எந்த டூகல்? சமையக்கார டூகலா?"

"அவன்தான். காட்டுத் தீ பயத்துல மரவெட்டு முகாமெல்லாம் மூடிட்டாங்க. சும்மாதான் திரியிறான்."

"அவனுக்குத் துடுப்புப் போடத் தெரியுமா?"

"படகு கவுறாது. அது போதும்."

டூகலுக்கு ஐம்பதுக்கு மேல் வயது. தொப்பை. தலையில் முடி இல்லை. முகாமில் இருநூறு பேருக்குக் குழம்பு கிண்டுகிறவன். ஓயாமல் பேசுவான். ஆர்வோ ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தான் என்பது ஊருக்கே புரிந்தது. கடைக்கார நெல்டா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ஆர்வோ புத்திசாலி. இருக்கறதுலயே அழகில்லாதவனாப் பொறுக்கி எடுத்திருக்கான்."

முதல் வாரம் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் சிரிப்பு கேட்டது.

காலையில் தபால் படகுக்காக நான் துறையில் காத்திருப்பேன். கொட்டகை வாசலில் ஆர்வோ ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பான். கயத்தின் மேல் மூடுபனி. படகுகள் தெரியாது. துடுப்பு முளையில் உரசும் சத்தம் மட்டும் வரும். அதன் நடுவே டூகலின் குரல் ஏற்ற இறக்கமாக எதையோ சொல்லிக்கொண்டே போகும். பிறகு ஹில்க்கா சிரிப்பாள். வாய்விட்டு, மூச்சு வாங்க. அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆர்வோவைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கேட்டான்.

"என்னத்துக்குச் சிரிச்ச?"

"எப்போ?"

"காலைல. கயத்து நடுவுல. ரெண்டு தடவ."

"எண்ணிட்டா இருந்த?"

"எண்ணல. காதுல விழுந்துச்சு. தண்ணி மேல சத்தம் எவ்ளோ தூரம் வரும்னு தெரியாதா உனக்கு?"

"டூகலோட அம்மா கோழி வளத்தாங்களாம். அதுல ஒரு கோழி, பாதிரியார் கழட்டி வச்ச தொப்பிக்குள்ள முட்ட போட்டுருச்சாம். அவரு பாக்காம எடுத்து மாட்டிட்டாராம்."

ஆர்வோ கொஞ்ச நேரம் யோசித்தான். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"நீ சொன்னா ஒண்ணும் இல்லதான்."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவள் என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. டூகல் என்ன சட்டை போட்டிருந்தான். காப்பிக் குடுவை ஏன் காலி. ஏலக்காய் ரொட்டியைச் சனிக்கிழமைக்கு முன்பே ஏன் சுட்டாள். ஒரு நாள் அவள் கழுத்துத் துணியைப் பிடித்துப் பார்த்து, "இது புதுசா?" என்றான்.

"உங்க அம்மா தந்தது."

"கட்டி நான் பாத்ததில்லயே."

"நீ எங்க பாத்த? கோல் நுனியத்தானே பாப்ப."

படகில் துடுப்புக்காரனும் தூண்டில்காரரும் எதிரெதிரே உட்கார வேண்டும். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவுக்குத்தான் இடம் இருக்கும். விடிகாலையில் இரண்டு மூன்று மணி நேரம் அப்படி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் உட்கார்கிறார்கள். யாருடைய மனைவியோ யாருடைய தம்பிக்கோ எதிரே உட்கார்ந்து மீன் பிடிப்பதில் யாருக்கும் எந்த எண்ணமும் கிடையாது. ஆர்வோவுக்கும் கிடையாது. அவனால் தாங்க முடியாதது முழங்கால் அல்ல. அதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலையில் ஓதம் ஏறி நின்ற நேரம். மூடுபனி விலகிவிட்டிருந்தது. நான் துறையில் தபால் மூட்டையோடு நின்றேன். கயத்தின் நடுவில் ஒரு படகு மற்றவற்றிலிருந்து விலகி வெளிக்கடல் பக்கம் இழுபடுவதைப் பார்த்தேன். மற்ற படகுகள் வழிவிட்டு ஒதுங்கின. அதுவும் அங்கே வழக்கம். மீன் மாட்டிய படகுக்கு எல்லோரும் நரம்பைச் சுருட்டிக்கொண்டு இடம் கொடுக்க வேண்டும்.

"யாரு அது?" என்று துறையில் ஒருவர் கேட்டார்.

"ஹில்க்கா. கோலப் பாரு எப்பிடி வளையுதுன்னு."

ஆர்வோ பெட்டியிலிருந்து எழுந்து நின்றான். கண்மேல் கையை வைத்துப் பார்த்தான். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போனது, நின்றது, திரும்பிப் படகை நோக்கியே வந்தது. அந்த நேரத்தில் துடுப்புக்காரன் பின்னால் வேகமாக வலித்து நரம்பைத் தொய்யாமல் வைக்க வேண்டும். டூகல் ஏறுமாறாக வலித்தான். துடுப்பு ஒன்று தண்ணீரைத் தொடாமல் காற்றை வெட்டியது. "ஐயோ, கொழம்பு கிண்டுறானே" என்று ஆர்வோ பல்லுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனாலும் மீன் போகவில்லை. வெகுநேரம் கழித்துக் கைவலை தண்ணீருக்குள் போனது. இருவருமாகப் பிடித்து அதைத் தூக்கினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு டூகல் எழுந்து நின்று ஒரு துடுப்பை நட்டுக்குத்தலாக நிமிர்த்தினான். கரைக்குச் சொல்லும் அடையாளம் அது. எடைக்காரர் தராசைத் தயார் செய்ய வேண்டும்.

துறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். படகுகளிலிருந்து சீழ்க்கை வந்தது. நானும் கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் பெட்டி காலியாக இருந்தது. கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது.

மீனைக் கரையில் கிடத்தினார்கள். முதுகு கரும்பச்சை, பக்கம் வெள்ளி, வால் என் இரண்டு உள்ளங்கையை விரித்தாலும் மறையாது. செவுளிலிருந்து ரத்தம் கூழாங்கல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஹில்க்கா தன் கழுத்துத் துணியைக் கழற்றி மீனின் கண்ணை மூடினாள்.

"முப்பத்தொண்ணு" என்றான் டூகல். "நான் இருநூறு பேருக்கு ஆக்கிப் போடுறவன். பாத்தாலே எடை சொல்லுவேன்."

"முப்பதுக்கு ஒட்டி வரும்" என்றாள் நெல்டா. "ஆர்வோ எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். சும்மா எங்காவது ஒதுங்கியிருப்பான் என்று கொஞ்ச நேரம் விட்டார்கள். அப்புறம் வெயில் ஏறியது என்று என் நினைவு. டூகல் சாக்கை நனைத்து நனைத்து மீனின் மேல் போட்டான். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிடித்த மீன் கிடக்கக் கிடக்க எடை இறங்கும். ரத்தம் போகும், நீர் போகும். முப்பதுக்கு ஒட்டி நிற்கிற மீனுக்கு ஒவ்வொரு அவுன்ஸும் உயிர்.

"ஹில்க்கா, என் கடைத் தராசு இருக்கு" என்றாள் நெல்டா. "அதுல போடுவோம். இத்தன பேரு சாட்சி. சங்கத்துல நான் பேசிக்கிறேன்."

"வேண்டாம்."

"அப்ப பூட்ட ஒடச்சிருவோம்" என்றான் டூகல். "ஒரு கல்லு போதும். நானே புதுப் பூட்டு வாங்கி மாட்டிடுறேன்."

"வேண்டாம் டூகல்."

"ஏம்மா வேண்டாங்குற? மீனு காயுது."

"அவன் வரட்டும்."

"அவன் வரலன்னா?"

அவள் மீனுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தாள். "வீட்டுல இருப்பான். போய்ச் சொல்லு. நான் காத்துட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லு."

ஆர்வோ சமையலறையில்தான் இருந்தான். புது உருளைக்கிழங்கைத் தோல் சுரண்டிக்கொண்டிருந்தான். வலது கை சரியாக வராததால் கிழங்கை மேஜையோடு அழுத்திப் பிடித்திருந்தான். தோல் குவியலுக்குப் பக்கத்தில் சாவி.

"வா தபாலு. காப்பி இருக்கு, ஊத்திக்க." அவன் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

நான் உட்கார்ந்தேன். ஊற்றிக்கொள்ளவில்லை.

"எவ்ளோ பெருசு?" என்றான்.

"முப்பதுக்கு மேலன்னு சொல்றாங்க. டூகல் முப்பத்தொண்ணுங்குறான்."

"அவன் எதையும் கூட்டித்தான் சொல்லுவான். அவ என்ன சொல்றா?"

"காத்துட்டு இருக்கேன்னு சொல்லச் சொன்னா. பூட்ட ஒடைக்கலாம்னான் டூகல். நெல்டா கடைத் தராசுல போடலாம்னா. ரெண்டுக்கும் வேண்டாம்னுட்டா."

கத்தி நின்றது. "ஒடச்சிருக்கலாமே."

"அதத்தான் எல்லாரும் சொன்னாங்க."

மீண்டும் சுரண்ட ஆரம்பித்தான். ஒரு கிழங்கு முடிந்தது. இன்னொன்றை எடுத்தான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கவும் முடியும். அந்த வீட்டில் அமைதிக்குப் பழகிவிட்டவன் நான்; அப்போதும் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"நான் வலிச்சேன் தபாலு, இத்தன வருஷம். ஒரு நாள் பிசகாம. எதுத்தாப்புல அவ உக்காந்திருப்பா. பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், அவளும் பேச மாட்டா. எனக்கு அது எவ்ளோ பிடிச்சிருந்துச்சு தெரியுமா? விடியுற நேரம், தண்ணி கண்ணாடி மாதிரி, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம. உலகத்துல எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கும் இது கெடைக்காதுன்னு நெனப்பேன். இப்பத்தான் தெரியுது. நான் பேசாம இருந்தேன். அவ வாய மூடிட்டு இருந்தா. ரெண்டும் வேற."

"அப்படி அவ சொன்னாளா?"

"சிரிக்கிறாளே. அது போதாதா?"

"நீதானே டூகல அனுப்புன."

"நான்தான். பாக்க நல்லா இருக்குற எவனையாவது அனுப்பியிருந்தா மனசு தயாரா இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருக்கலாம். இவன்கூட என்னன்னு சண்ட போடுறது? கோழிக்கதை சொல்லாதடான்னா? ஒரு இழுப்பு ஒழுங்கா இழுக்கத் தெரியாது அவனுக்கு. தகடு குடிகாரன் மாதிரித் தள்ளாடுது தண்ணிக்குள்ள. அதப் பாத்து மீன் கடிக்குது. நான் கடிகாரம் மாதிரி வலிச்சேன், ஒரு முப்பது வரல."

"ஆர்வோ, மீன் காயுது."

"தெரியும். பலகைய நெனச்சுப் பாத்தியா? ஹில்க்கா பேரு, பக்கத்துல அவன் பேரு. நான் செத்தப்புறமும் இருக்கும். வர்றவன்லாம் வாசிப்பான். யாரு இந்த டூகல், புருஷனான்னு கேப்பான். ஆமான்னு எவனாவது சொல்லிட்டுப் போவான். யாரு திருத்தப் போறா?"

கிழங்கெல்லாம் தீர்ந்துவிட்டது. அவன் தோலைக் கூட்டி வாளியில் போட்டான். மேஜையைத் துடைத்தான். துணியைப் பிழிந்து காயப் போட்டான். அப்புறம்தான் சாவியை எடுத்தான். வழியில் பூட்ஸ் கயிற்றை இரண்டு தடவை கட்டினான். வேலி அடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் நின்று, கம்பத்தை இன்னும் ஆழமாக இறக்கச் சொன்னான். நான் பின்னாலேயே நடந்தேன். கரையில் கூட்டம் தெரிந்தபோது ஆலையின் மத்தியானச் சங்கு ஊதியது.

கூட்டம் வழிவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எங்கப்பா போன இவ்ளோ நேரம்?" என்றாள் நெல்டா.

"பனிக்கட்டி எடுக்கப் போனேன்" என்றான் ஆர்வோ. "மீனுக்கு."

எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். ஒரு கையில் சாவி. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அவனும் குனிந்து பார்த்தான்.

"எங்க பனிக்கட்டி?" என்றான் டூகல். நக்கல் இல்லை அதில். உண்மையாகவே கேட்டான்.

ஆர்வோ சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வழியில உருகிப்போச்சு" என்றாள் ஹில்க்கா. கல்லிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "தொற."

கொட்டகைக்குள் இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. டூகலும் ஹில்க்காவும் மீனைத் தூக்கித் தராசின் கொக்கியில் மாட்டினார்கள். முள் துள்ளி ஏறியது, நடுங்கியது, அடங்கத் தொடங்கியது. எடைக்காரருக்கு மட்டும் தெரிகிற மாதிரி முகப்புத் திரும்பியிருக்கும். சுண்ணாம்புக் கட்டியோடு ஒருவர் கரும்பலகை அருகில் நின்றார். ஹில்க்கா மீனின் அந்தப் பக்கம் இருந்தவள் நகர்ந்து ஆர்வோவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அவன் வெகுநேரம் முள்ளையே பார்த்தான்.

"முப்பது" என்றான்.

டூகல் "ஹோ!" என்று கத்தினான். வாசலில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். நானும், எனக்கு என்ன தோன்றியதோ, தட்டினேன்.

"சரியா வாசி, ஆர்வோ."

சத்தமாகச் சொல்லவில்லை அவள். ஆனால் கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கிவிட்டது. சுண்ணாம்புக் கட்டிக்காரர் எழுதிய மூன்றுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஹில்க்கா..."

"முள்ளு எங்க நிக்குதோ அத வாசி."

"இருபத்தொம்போது" என்றான். "பதிமூணு அவுன்ஸ்."

நெல்டாதான் தாங்க முடியாமல், "காலைலயே போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"போடல" என்றாள் ஹில்க்கா.

மீனை அவளே இறக்கினாள். கரைக்குக் கொண்டுபோய், ஆலையில் அறுப்பது போலவே, நாலு வீச்சில் பிளந்தாள். காத்திருந்த எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தாள். நடுத்துண்டு டூகலுக்கு. அவன் வாங்கிக்கொள்ளாமல் நின்றான். "நான் அந்தத் துடுப்ப நேரா வலிச்சிருந்தா கொஞ்சம் முன்னாடியே கரை சேந்திருக்கலாம்" என்றான்.

"நேரா வலிச்சிருந்தா கடிச்சிருக்காது. புடி."

தலையும் எலும்பும் மட்டும் வீட்டுக்கு வந்தன. ஆர்வோ சுரண்டி வைத்த கிழங்கைப் போட்டு, பால் ஊற்றி, சோம்புத்தழை மாதிரி வாசம் அடிக்கும் ஒரு தழையைக் கிள்ளிப் போட்டுத் மீன்தலைச் சாறு வைத்தாள். மூவரும் உட்கார்ந்தோம். நான் மாடிக்குப் போய்விடலாம் என்று எழுந்தபோது, "உக்காரு, ஆறிப்போகும்" என்றாள்.

பாதிச் சாப்பாட்டில் கேட்டாள். "முப்பதுன்னு ஏன் வாசிச்ச?"

"உனக்காக."

அவள் மீனின் கன்னத்துச் சதையைப் பிரித்து எடுத்து ஆர்வோவின் தட்டில் வைத்தாள். எப்போதும் அவனுக்குத்தான் அது.

"சாவிய எடுத்துட்டுப் போனியே, அது?"

காப்பி பொங்கி அடுப்பில் வழிய, நான் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் சொன்னான்.

"எனக்காக."

"ம்" என்றாள். "நான் உக்காந்திருந்தேன் ஆர்வோ. ஒவ்வொரு அவுன்ஸா போறது தெரிஞ்சுது. என் கைக்குத் தெரியும், அது என் வேலை. இப்ப வருவான், இப்ப வருவான்னு உக்காந்திருந்தேன்."

"பூட்ட ஒடச்சிருக்கணும் நீ."

"ஒடச்சா முப்பது கெடச்சிருக்கும்" என்றாள். "நீ வருவியா மாட்டியான்னு தெரிஞ்சிருக்காது."

அவன் தட்டில் இருந்த கன்னத்துச் சதை அப்படியே இருந்தது. கடைசியில் அவன் அதைத் தின்றான். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டூகல் மறுநாளே துடுப்பைத் துறையில் வைத்துவிட்டு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனான். மழை பெய்து முகாம் திறந்ததும் மலைக்குத் திரும்பினான். இப்போது வேலையை விட்டுவிட்டு அக்காள் ஊரில் கோழி வளர்க்கிறான். கயத்துக்கு அவன் திரும்ப வரவில்லை.

அடுத்த வருஷம் ஆர்வோவின் தோள் தேறியது. ஜூலையிலேயே படகைக் கவிழ்த்துப் போட்டுக் கீல் பூசி, வர்ணம் அடித்து வைத்தான். ஹில்க்கா அதில் ஏறவில்லை. அவள் தூண்டில் கோலை விற்றுவிட்டுத் துடுப்பு வலிக்கக் கற்றுக்கொண்டாள். நெல்டாவுக்கு அவள்தான் துடுப்பு. இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொண்டே கயத்தைச் சுற்றுவார்கள். மூன்றாம் வருஷம் நெல்டாவின் தூண்டிலில் முப்பத்து நாலு ராத்தல் மீன் விழுந்தது. பலகையில் நெல்டாவின் பெயருக்குப் பக்கத்தில் ஹில்க்காவின் பெயர் இருக்கிறது. எடை போட்டது ஆர்வோ. சாகும்வரை அவன்தான் எடைக்காரன். துறைக்கு முதலில் வந்து கடைசியில் போவான். கதவைப் பூட்ட மாட்டான். சங்கத்தார் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

நெல்டா கடையை மகனிடம் கொடுத்துவிட்டு விக்டோரியா நகரத்தில் இருக்கிறாள். நான் வேறு ஊருக்கு மாற்றலாகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். ஆர்வோ ஒரு மார்ச் மாதம் நெஞ்சுவலியில் போனான். ஹில்க்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள், மாடியறையை வேறு யாருக்கோ விட்டிருக்கிறாள். அவர்கள் கடைசிவரை ஒன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஒரே படகில் மட்டும் மறுபடி உட்காரவில்லை.